பேஸ்பால் சவான்ட்: பிட்ச்சரை மாற்றியது சரியா தப்பா என்று பார்க்க எவ்வளவு உதவும்?

அக்டோபரில் பிளேஆஃப் (பருவ இறுதி வெளியேற்றச் சுற்றுகள்) வந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்களுக்குள் பிட்ச்சரை (பந்து வீசுபவரை) வைத்து ஒரே சண்டைதான். 'அவரை ஏன் எடுத்தார்கள்?' இல்லையென்றால் 'ஏன் இவ்வளவு நேரம் விட்டுவைத்தார்கள்?' கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவிட்டு நாலு ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். இங்கே ஆட்டத்தை விட்டு வெளியேறிய பிட்ச்சர் அன்றைக்குத் திரும்ப முடியாது. 2020 முதல், உள்ளே வரும் ரிலீவரும் (பதில் பிட்ச்சரும்) குறைந்தது மூன்று மட்டையாளர்களைச் சந்தித்தாக வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடிய வேண்டும். மூன்று ஆட்டத் தொடரோ ஏழு ஆட்டத் தொடரோ, ஆறாவது இன்னிங்ஸில் மேனேஜர் எடுக்கும் ஒரு முடிவைத் திருத்த அவகாசமே இருக்காது. அதனால்தான் 2003இல் பிட்ச்சரை மாற்றாமல் விட்ட ஒரு முடிவைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சண்டைக்குக் கையில் என்ன வைத்துக்கொள்வது என்றால், மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பே நடத்தும் பேஸ்பால் சவான்ட் என்ற இலவச சேவையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சந்தா கிடையாது. 30 மைதானங்களிலும் 2015 முதல் இயங்கும் ஸ்டாட்காஸ்ட் கண்காணிப்பு பிடிக்கிற எல்லாமே இதில் வந்து விழுகிறது. 2020 முதல் அந்த வேலையை ஹாக்-ஐ கேமராக்கள் செய்கின்றன. கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ மறுபரிசீலனைக்குப் பார்க்கிறோமே, அதே ஹாக்-ஐதான். ஒவ்வொரு பந்தும் எந்த உயரத்தில் கையை விட்டது, என்ன வேகம், நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி, எவ்வளவு வளைந்தது, ஹோம் பிளேட்டை (மட்டையாளர் பக்கத்தில் தரையில் பதித்த தட்டை) எங்கே கடந்தது எல்லாம் உண்டு.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். பிட்ச்சரை மாற்றும் முடிவுக்கு இரண்டு பாதி. மேட்டில் நிற்பவர் எப்படி வீசுகிறார் என்பது ஒரு பாதி, அவருக்குப் பதில் வரப்போகிறவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பது மறு பாதி. சவான்ட் முதல் பாதியை அபாரமாகக் காட்டும். இரண்டாவது பாதியைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான வாதங்கள் சறுக்குவது அந்த இரண்டாவது பாதியில்தான்.

ஆட்டம் நடக்கும்போது திறந்து வைக்க வேண்டியது 'கேம்ஃபீட்'. பழைய ஆட்டம் வேண்டுமானால் தேதியை மாற்றினால் போதும். பந்து வீசிய சில நொடிகளில் அதன் வகை, வேகம், சுழற்சி வந்துவிடும். அடிபட்ட பந்தென்றால் மட்டையை விட்ட வேகம், எழும்பிய கோணம், போன தூரம், அந்த மாதிரி அடி வழக்கமாக எவ்வளவு ஹிட் (மட்டையாளரைப் பேஸில் சேர்க்கும் அடி) ஆகும் என்ற கணிப்பு, 30 மைதானங்களில் எத்தனையில் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) ஆகியிருக்கும் என்பது வரை. மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் போனால் 'ஹார்ட் ஹிட்' என்று கணக்கு. ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேர் வரிசையாக அவுட் என்று ஸ்கோர்கார்டு சொல்லும். அந்த மூன்று பந்தும் 100 மைலுக்கு மேல் பறந்து நேராக ஃபீல்டர் கையுறைக்குள் போனவை என்பது கேம்ஃபீடைப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட இன்னிங்ஸ் முடிந்ததும் மேனேஜர் ஸ்டார்ட்டரை (ஆட்டத்தைத் தொடங்கிய பிட்ச்சரை) உட்கார வைத்தால், 'நன்றாகத்தானே போட்டுக்கொண்டிருந்தார்' என்ற வாதம் அங்கேயே அடிபட்டுவிடும்.

அதே பக்கத்தில் பிட்ச்சரின் அன்றைய சராசரி வேகமும், அந்தப் பருவச் சராசரியோடு உள்ள வித்தியாசமும் இருக்கும். இதை மட்டும் வைத்து 'சோர்வே இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. 80 பந்துகளின் சராசரி கடைசி 15 பந்துகளின் இறக்கத்தை மூடி மறைத்துவிடும். சோர்வைப் பார்க்க இன்னிங்ஸ் வாரியாகப் பிரிக்க வேண்டும். அதற்கு 'ஸ்டாட்காஸ்ட் சர்ச்' போக வேண்டும்.

சர்ச் பக்கத்தைத் திறந்ததும் கட்டம் கட்டமாக ஐம்பது அறுபது தேர்வுகள் கண்ணைக் கட்டும். பயப்பட வேண்டாம், தேவைப்படுவது ஐந்துதான்: ஆண்டு, பருவ வகை, தேதி, பிட்ச்சர் பெயர், பந்து வகை. இதில் எல்லாரும் விழும் பள்ளம் பருவ வகை. அது தானாகவே வழக்கமான பருவத்தில் நிற்கும். அதை மாற்றாமல் அக்டோபர் 27 என்று தேதி போட்டால் ஒன்றுமே வராது. தரவே இல்லை என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பிளேஆஃப் என்று மொத்தமாகவும் எடுக்கலாம். வைல்ட் கார்டு, டிவிஷன் சீரிஸ், லீக் சாம்பியன்ஷிப், வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) என்று தனித்தனியாகவும் எடுக்கலாம்.

தேடல் முடிவை சிஎஸ்வி கோப்பாக இறக்கி எந்த விரிதாளிலும் திறக்கலாம். இந்த வசதிக்காகவே இந்த சேவைக்கு முதல் மதிப்பெண் கொடுக்கலாம். கோப்பைத் திறந்ததும் மட்டையாளர் வரிசை எண், பந்து எண் இரண்டையும் ஏறுவரிசையில் அடுக்குங்கள். பிறகு ஃபோர்-சீம் (நேராக வரும் வேகப்பந்து) பந்துகளை மட்டும் வடிகட்டி, இன்னிங்ஸ் வாரியாக ரிலீஸ் வேகம், சுழற்சி, ரிலீஸ் உயரம் மூன்றுக்கும் சராசரி போடுங்கள். ஃபோர்-சீமையும் சிங்கரையும் (கீழே இறங்கும் வேகப்பந்தையும்) கலந்துவிட்டால் கணக்கு பாழ். பிந்தைய இன்னிங்ஸ்களில் சிங்கர் அதிகம் வீசுகிறவருக்கு வேகம் குறைந்த மாதிரியே தெரியும், உண்மையில் மாறியது பந்து வகைதான். ரிலீஸ் உயரமும் பந்தின் வளைவும் இந்தக் கோப்பில் அடிக்கணக்கில் இருக்கும், அங்குலத்தில் இருக்காது. 12ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். நடைமுறையில் ஒரு மைல் இறக்கம் யாருக்கும் சகஜம். இரண்டு மைல் இறங்கி, கூடவே கை உயரமும் இரண்டு அங்குலம் தாழ்ந்து, பந்துகள் பிட்ச்சர் நினைத்த இடத்துக்கு மேலே போகத் தொடங்கினால், அந்த மூன்றும் சேர்ந்த நிலைதான் கவலைப்பட வேண்டியது. ஒன்று மட்டும் தனியாக வந்தால் பெரிய அர்த்தம் கிடையாது.

இதே கோப்பில் பலர் கவனிக்காத ஒரு நெடுவரிசை இருக்கிறது: மட்டை வரிசையை பிட்ச்சர் எத்தனையாவது தடவை சந்திக்கிறார் என்பது. அக்டோபர் சண்டைகளில் பாதி இந்த 'மூன்றாவது சுற்று' பற்றியதுதான். ஒரே பிட்ச்சரை மூன்றாம் முறை பார்க்கும் மட்டையாளர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள். இதற்குக் கை களைப்பைவிட, பந்துகள் பழகிப்போவதே பெரிய காரணம். அதனால் 90 பந்து வீசினாரா 60 பந்து வீசினாரா என்பதைவிட எத்தனை வகைப் பந்து வைத்திருக்கிறார் என்பது முக்கியம். இரண்டே வகையை நம்புகிறவர் மூன்றாவது சுற்றில் சீக்கிரம் அடிபடுவார். ஐந்து வகை வைத்திருப்பவருக்கு அதே அளவுகோலைப் போடுவது நியாயம் இல்லை.

டம்பா பே ரேய்ஸ் பிட்ச்சர் பிளேக் ஸ்னெல் விஷயத்துக்கு வருவோம். 2020 அக்டோபர் 27, வேர்ல்ட் சீரிஸ் ஆறாவது ஆட்டம். டாட்ஜர்ஸுக்கு எதிராக ரேய்ஸ் 1-0 முன்னிலை. ஸ்னெல் 73 பந்துகள்தான் வீசியிருந்தார், 9 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), ஒரு வாக் (நான்கு தவறான பந்தால் கிடைக்கும் இலவச பேஸ்) கூட இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் ஒரு அவுட்டுக்குப் பிறகு ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் அடி) அடித்தார், இரண்டாவது ஹிட். உடனே மேனேஜர் கெவின் கேஷ் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். நிக் ஆண்டர்சன் உள்ளே வந்தார். மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டு பேஸ் அடி), ஒரு வைல்ட் பிட்ச்சில் (கேட்ச்சர் பிடிக்க முடியாமல் போன பந்தில்) ஒரு ஓட்டம், கோரி சீகரின் தரையடியில் இன்னொரு ஓட்டம்; முன்னிலை போயிற்று. டாட்ஜர்ஸ் 3-1 என வென்று கோப்பையை எடுத்தது.

கேஷ் பக்கம் பேசுகிறவர்கள் மூன்றாவது சுற்றைச் சொல்வார்கள். அந்தப் பருவத்தில் ஸ்னெல் ஒரு ஆட்டத்திலும் ஆறு இன்னிங்ஸை முடித்ததில்லை என்பார்கள். இரண்டும் உண்மை. எதிர்ப்பக்கம் பெட்ஸ், சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரும் ஸ்னெல்லிடம் இரண்டு இரண்டு தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனதைச் சொல்லும். அதுவும் உண்மை, ஆனால் ஆறே தடவை. இந்த இரண்டுக்கும் நடுவே சவான்டில் இரண்டு தேடல் போட்டுப் பாருங்கள். ஒன்று, 2020 வழக்கமான பருவத்தில் பெட்ஸை பிட்ச்சரின் கை வாரியாகப் பிரிப்பது. அவர் வலது கை பிட்ச்சர்களை வெளுத்து வாங்கி, இடது கைக்காரர்களிடம் தடுமாறிய ஆண்டு அது. ஸ்னெல் இடது கை, ஆண்டர்சன் வலது கை. இரண்டு, ஆண்டர்சனை பிளேஆஃப் என்று வைத்து ஆட்ட வாரியாகப் பிரிப்பது. அதற்கு முன் வந்த ஆட்டங்களில் அவர் தொடர்ந்து ஓட்டம் கொடுத்துக்கொண்டே வந்தது தெரியும். பருவம் முழுக்க அசத்தியவர் அக்டோபரில் அதே ஆளாக இல்லை. ஸ்னெல்லை எடுத்ததற்காவது ஒரு நியாயம் சொல்லலாம். பெட்ஸுக்கு எதிரே ஆண்டர்சனைக் கொண்டுவந்ததற்குச் சொல்வது கடினம். பேசுகிறவர்கள் எல்லாரும் ஸ்னெல்லைப் பற்றியே பேசுகிறார்கள், பேச வேண்டியது ஆண்டர்சனைப் பற்றி.

2003 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் ஏழாவது ஆட்டத்துக்கு சவான்ட் உதவாது. அக்டோபர் 16, யாங்கி ஸ்டேடியம், எட்டாவது இன்னிங்ஸ், ரெட் சாக்ஸ் 5-2 முன்னிலை. பிட்ச்சர் பெட்ரோ மார்ட்டினெஸை மேனேஜர் கிரேடி லிட்டில் விட்டுவைத்தார். யாங்கீஸின் ஜீட்டர், பெர்னி வில்லியம்ஸ், மட்சுயி, பொசாடா வரிசையாக அடித்து 5-5. பதினொன்றாவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன், யாங்கீஸ் வெற்றி. லிட்டில் வேலையை இழந்தார். பெட்ரோவின் கை அன்று இறங்கியிருந்ததா என்று அளந்து பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் சர்ச் 2008இல்தான் தொடங்குகிறது. 2008 முதல் 2016 வரையிலான வேகம் பழைய பிட்ச்எஃப்/எக்ஸ் கருவி அளந்தது. பிந்தைய அளவோடு பொருந்தும்படி தோராயமாகச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள். பிட்ச்சர் அரோல்டிஸ் சாப்மனின் 2016 வேகத்தையும் 2021 வேகத்தையும் ஒப்பிடும்போது அரை மைல் வித்தியாசத்துக்கெல்லாம் சண்டை போடக் கூடாது.

இனி அந்த இரண்டாவது பாதி. ரிலீவர் நேற்று எத்தனை பந்து வீசினார், முந்தாநாள் எத்தனை, கடைசியாக எப்போது வந்தார் என்ற பட்டியல் சவான்டின் முகப்பில் எங்கும் இல்லை. இது பெரிய குறை. பிளேஆஃப் காலத்திலாவது ஒரு அணியின் புல்பென்னை (ரிலீவர்கள் கூட்டத்தை) ஒரே பக்கத்தில், ஐந்து நாள் கணக்கோடு காட்டியிருக்கலாம். ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் ராஸ்டர் ரிசோர்ஸ் பகுதியில் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு ரிலீவரின் ஆட்டக் கணக்கிலும் எத்தனை நாள் ஓய்வு, எத்தனை பந்து, எந்த இன்னிங்ஸில் எத்தனை அவுட்டோடு, எத்தனை பேர் பேஸில் நிற்கும்போது வந்தார் என்பது இருக்கும். இரண்டும் சவான்டோடு பக்கத்துப் பக்கமாகத் திறந்திருக்க வேண்டும். சவான்டில் நாள் கணக்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே சிஎஸ்வி கோப்பில் முந்தைய ஆட்டத்திலிருந்து எத்தனை நாள் என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. ஆனால் ஆட்டம் ஓடும்போது யார் கோப்பை இறக்கி அதைத் தேடுவார்கள்?

அந்த நெடுவரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம் போதும். அக்டோபர் 25, டாட்ஜர் ஸ்டேடியம், பத்தாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் 3-2 முன்னிலை, ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில், மட்டை பிடிப்பவர் ஷோஹெய் ஒடானி. 2003இல் அந்த ஹோம் ரன்னை அடித்த அதே ஆரன் பூன்தான் இப்போது மேனேஜர். காயத்திலிருந்து மீண்ட இடது கை பிட்ச்சர் நெஸ்டர் கோர்ட்டெஸை அழைத்தார். அவர் கடைசியாக ஆட்டத்தில் வீசியது செப்டம்பர் 18, அதாவது 37 நாளுக்கு முன். முதல் பந்திலேயே ஒடானி அவுட். யாங்கீஸ் ஃபீல்டர் வெர்டுகோ பந்தைப் பிடித்தபடி பார்வையாளர் பக்கம் விழுந்ததால் இரண்டு பேரும் ஒரு பேஸ் முன்னேறினார்கள். பெட்ஸுக்கு வேண்டுமென்றே வாக். அடுத்த பந்தில் ஃப்ரெடி ஃப்ரீமன் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்). வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஆட்டத்தையே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம். கோர்ட்டெஸ் வீசியது இரண்டே பந்து.

புல்பென்னில் இன்னொரு இடது கைக்காரர் டிம் ஹில் தயாராக இருந்தார். சவான்டில் இருவரின் பக்கத்தையும் திறந்து தரையடி விகிதத்தை ஒப்பிடுங்கள். ஹில் தரையடி வரவழைப்பதில் லீக்கிலேயே முன்வரிசை. கோர்ட்டெஸ் பந்தை உயரே அடிக்க விடுகிறவர். ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில் என்றால் டபுள் ப்ளே (ஒரே அடியில் இருவர் அவுட்) வாய்ப்பு கண் முன்னால் இருக்கிறது. இந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிமிடம் போதும், ஒரு ஓட்டம் கூட நடக்கும் முன்பே செய்துவிடலாம். முடிவு தெரிந்த பிறகு குறை சொல்வதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

பிட்ச்சர் பக்கத்தில் இருக்கும் சிவப்பு, நீல வட்டங்கள் மேல் எல்லாருக்கும் கண் போகும். சிவப்பு என்றால் லீக்கில் உயர்ந்த இடம், நீலம் என்றால் தாழ்ந்த இடம். பார்க்க அழகு, புரிந்துகொள்ளச் சுலபம், ஆனால் இந்த விஷயத்துக்கு அவ்வளவாகப் பயன்படாது. அது பருவம் முழுவதற்குமான தரவரிசை. ஆண்டர்சனுக்கும் அப்படிப் பார்த்தால் சிவப்பாகத்தான் இருந்திருக்கும். 'எதிர்பார்ப்பு' எண்களிலும் அதே கவனம் தேவை. அவை பந்தின் வேகத்தையும் கோணத்தையும் வைத்து, சில மெதுவான அடிகளுக்கு மட்டையாளரின் ஓட்ட வேகத்தையும் சேர்த்துப் போடும் கணக்கு. பந்து எந்தத் திசையில் போனது, அன்றைய மைதானத்தில் சுவர் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அதில் வராது. ஐந்து இன்னிங்ஸில் அடிபடும் பதினைந்து பந்துக்கு அதன் சராசரியைப் போட்டு வாதாடுவது வீண்.

ஆட்டத்தின் எந்தக் கணம் நெருக்கடியானது என்பதை அளக்க ஃபேன்கிராஃப்ஸ் பக்கம் போவதே மேல். அங்கே ஒவ்வொரு மட்டையாளருக்கும் லெவரேஜ் எண் இருக்கும். இன்னிங்ஸ், அவுட், பேஸில் இருப்பவர்கள், ஓட்ட வித்தியாசம் நான்கையும் சேர்த்தது. சராசரி நிலை 1. இந்த எண்ணைப் பார்த்தால் 'குளோசர் (ஆட்டத்தை முடித்துவைக்கும் ரிலீவர்) ஒன்பதாவதுக்குத்தான்' என்ற பழைய வழக்கம் எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரியும். 2025 அக்டோபர் 20, டொராண்டோவில் அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் ஏழாவது ஆட்டம். சியாட்டில் மரினர்ஸ் 3-1 முன்னிலை, ஏழாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில், மட்டை பிடிப்பவர் ஜார்ஜ் ஸ்பிரிங்கர். மேனேஜர் டேன் வில்சன் எட்வார்ட் பசார்டோவை அழைத்தார். சிறந்த ரிலீவர் ஆன்ட்ரெஸ் முன்யோஸ் புல்பென்னில். ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னோடு டொராண்டோ ப்ளூ ஜேஸ் 4-3. பசார்டோ மோசமான ரிலீவர் அல்ல. ஆனால் அன்றைய ஆட்டத்தின் மிக நெருக்கடியான கணம் ஒன்பதாவதில் வரவில்லை, ஏழாவதிலேயே வந்துவிட்டது. 2016 வைல்ட் கார்டு ஆட்டத்தில் பால்டிமோர் இதே தப்பைச் செய்தது. 47 வாய்ப்பில் 47 சேவ் (முன்னிலையைக் காப்பாற்றி முடித்த ஆட்டம்) எடுத்திருந்த ஜாக் பிரிட்டன் உட்கார்ந்தே இருந்தார். பதினொன்றாவதில் உபால்டோ ஹிமெனெஸிடம் டொராண்டோவின் எட்வின் என்கார்னசியோன் ஹோம் ரன் அடித்தார்.

வேறு சில குறைகள். கைபேசியில் சர்ச் பக்கம் சித்திரவதை. கணினி இல்லாவிட்டால் கேம்ஃபீடோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளை ஒரே தேடலில் போட்டால் பக்கம் திணறும், ஒரே தடவையில் இறக்கக்கூடிய வரிகளுக்கும் வரம்பு உண்டு. ஆண்டு ஆண்டாக எடுங்கள். ஆட்டத்தின்போது காட்டப்படும் பந்து வகை பிறகு மாற்றப்படலாம். ஸ்லைடர் என்று வந்தது மறுநாள் ஸ்வீப்பர் ஆகியிருக்கும். அதனால் இரவோடு இரவாகப் போட்ட கணக்கை மறுநாள் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் பேசுவது நல்லது. தேடலில் வரும் பல பந்துகளுக்குக் காணொளி இணைத்திருப்பது பெரும் உதவி. கேட்ச்சர் கையுறையை எங்கே காட்டினார், பந்து எங்கே போனது என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

2023 பிளேஆஃபில் டொராண்டோ ஹோசே பெர்ரியோஸை நான்காவது இன்னிங்ஸ் தொடக்கத்தில், 47 பந்துகளோடு எடுத்ததே, அதற்கும் இந்த சேவையில் விடை தேடலாம். ஆனால் பாதி விடைதான் கிடைக்கும். மினசோட்டா ட்வின்ஸின் இடது கை மட்டையாளர்களை முன்னிட்டு இடது கை பிட்ச்சர் யூசெய் கிகுச்சியைக் கொண்டுவரும் திட்டம் முன்பே இருந்தது. கை வாரியான எண்கள் அந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது என்று காட்டும். அன்று 5 ஸ்ட்ரைக் அவுட் எடுத்து நின்ற பெர்ரியோஸின் பந்துகளைப் பார்த்தால், காலையில் எழுதிய திட்டத்தை மாலையில் ஏன் கிழிக்கவில்லை என்ற கோபமும் நியாயம்தான் என்று தோன்றும். ட்வின்ஸ் 2-0 என வென்றது, டொராண்டோவின் பருவம் அதோடு முடிந்தது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 2025 வேர்ல்ட் சீரிஸில் டாட்ஜர்ஸ் பிட்ச்சர் யோஷினோபு யமமோட்டோவின் கடைசி இரண்டு ஆட்டங்களை எடுத்துப் பழகலாம். அக்டோபர் 31 ஆறாவது ஆட்டத்தில் 96 பந்து. மறுநாளே ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து, பதினொன்றாவது வரை 34 பந்து. பருவ வகையை வேர்ல்ட் சீரிஸ் என்று மாற்றி, இரண்டு தேதியையும் போட்டு, ஃபோர்-சீமையும் ஸ்ப்ளிட்டரையும் தனித்தனியாகப் பிரித்து, வேகம், ரிலீஸ் உயரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோப்பு சின்னது, 130 வரிதான். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.